பொன்னும் உருக்கும்

உருக்கையும் பொன்னையும் இணைத்த உயர்விலைக் கைக்கடிகாரங்கள் மீண்டும் செல்வர்தம் மணிக்கட்டை அணிசெய்கின்றன. இவ்விணைப்புக்கு றோலெக்ஸ் நிறுவனம் 1933ஆம் ஆண்டிலேயே தனிப்பெயர் பதிவுசெய்தது. கார்ட்டியே நிறுவனம் 1978இல் தன் சாந்தோஸ் கடிகாரத்தை இவ்விரண்டாலும் ஆக்கியது. 1980களில் பெருமையெனப் பூண்டதனை உலகம் பின்னர்ப் பகட்டென இகழ்ந்தது. இன்று அழகெனப் போற்றுகின்றது. கடிகாரம் மாறவில்லை, காண்போர் கண்ணே மாறிற்று.

எனினும், இங்கே கருதத்தக்கது வேறொன்று. இவ்விரு உலோகங்களும் ஒன்றாய் உருகிக் கலப்பதில்லை. தேய்வைத் தாங்க உருக்கு உடலாகின்றது. மென்மையான பொன் கண்ணாடியைச் சூழ்ந்த வளையத்திலும் சாவிகொடுக்குங் குமிழிலும் ஒளிர்கின்றது. கலப்பென்றாலே மாசு என்று மாணவர்க்குப் பல்லாண்டு கற்பித்தவன் யான். தத்தம் இயல்பு கெடாது இணைந்து நிற்றலும் ஒரு தூய்மையே என இக்கடிகாரம் என்னைத் திருத்திற்று.