மூன்று வட்டியும் பன்னிரண்டு வட்டியும்

கோவை மில் வாசல் ஒன்றில் ஒரு தொழிலாளி நம்மிடம் சொன்னார்: “பேங்கிலே பன்னிரண்டு வட்டி கேட்கிறான், தோழர். வெளியிலே மூன்று வட்டிக்கே கிடைக்கிறது. இதற்கு எதற்கு அங்கே போய் நிற்க வேண்டும்?”

அவர் இருபது வருஷமாக ஸ்பின்னிங்கில் வேலை செய்கிறவர். எந்த நம்பர் நூலுக்கு எந்த ஷிப்டில் எத்தனை கிலோ இறங்க வேண்டும் என்பது அவருக்கு விரல் நுனியில் இருக்கிறது. ஆனால் வட்டிக்காரனின் மூன்று மாத வட்டி, வங்கியின் பன்னிரண்டு ஆண்டு வட்டி என்பதை அவருக்கு யாரும் இதுவரை சொல்லவில்லை. நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று என்றால் ஆண்டுக்கு முப்பத்தாறு. பத்தாயிரம் கடனுக்கு ஆண்டு வட்டி வங்கியில் 1,200 ரூபாய். அவர் மலிவு என்று நினைத்த இடத்திலோ 3,600 ரூபாய்!

இந்த ஒரு குழப்பத்தை வைத்தே எத்தனை லேவாதேவிக்காரர்கள் மாடி வீடு கட்டியிருக்கிறார்கள் என்பதை நம் வாசகர்கள் தத்தம் ஊரைச் சுற்றிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

தண்டல் கடனைப் பாருங்கள். பத்தாயிரம் என்று எழுதுவான். முன்கூட்டியே 1,500 பிடித்துக்கொண்டு கையில் 8,500 தருவான். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். “ஆயிரத்தைந்நூறுதானே போகிறது” என்று நாமும் சமாதானம் அடைந்துவிடுகிறோம். ஆனால் அந்த 8,500 ரூபாய் நூறு நாளும் நம் கையிலா இருந்தது? மறுநாளே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டோம். ஐம்பதாவது நாளில் பாதிப் பணம் அவனிடமே போய்ச் சேர்ந்துவிட்டது. சராசரியாக நம்மிடம் இருந்தது 4,250 ரூபாய்தான். அதற்கு நூறு நாளில் 1,500 வட்டி என்றால் நூற்றுக்கு 35. ஆண்டுக் கணக்கில் நூற்றுக்கு 125க்கும் மேலே போகிறது. அதாவது பத்து வட்டிக்கும் அதிகம்.

சட்டையும் டையும் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வருகிறவன் வேறு பாஷை பேசுகிறான். “பிளாட் ரேட் 12 சதவீதம்” என்கிறான். 40,000 ரூபாய் கடன், 24 மாதத் தவணை. இரண்டு வருஷ வட்டி 9,600ஐ முதலிலேயே கூட்டி, மாதம் 2,067 ரூபாய் என்று நிர்ணயிக்கிறான். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது; வட்டி மட்டும் முதல் நாள் இருந்த 40,000க்கே போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மை வட்டி 21 சதவீதத்துக்கும் மேல். ஆகவே கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “எல்லாப் பிடித்தமும் சேர்த்து, குறையும் அசலுக்கு, ஆண்டுக்கு எத்தனை?” பதில் சொல்லத் தயங்குகிறவனிடம் வாங்காதீர்கள்.

தஞ்சைப் பகுதியில் குழுக் கடன் வாங்கும் விவசாயத் தொழிலாளிப் பெண்கள் நிலை இன்னும் மோசம். ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்களை அவள் வாசலில் கொண்டுவந்து உட்காரவைக்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2022-ல் வகுத்த விதிகள் நுண்கடனுக்கு வட்டி உச்சவரம்பை எடுத்துவிட்டன. இதை நாம் கண்டிக்கிறோம். ஆனால் அதே விதிகளில் நமக்குப் பயன்படும் சரத்துகளும் இருக்கின்றன. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொல்லை தரக்கூடாது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. இரவு எட்டு மணிக்கு வந்து கதவைத் தட்டுகிறவனிடம் இதைச் சொல்ல நம் சகோதரிகள் பயப்படத் தேவையில்லை. கந்துவட்டிக்கும் மீட்டர் வட்டிக்கும் எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை அதில் உண்டு. சட்டம் தானாக நடந்து வராது, அது வேறு விஷயம். புகார் கொடுக்கத் தனி ஆளாகப் போகாமல் சங்கத்தோடு போக வேண்டும்.

எழுதாத புரோநோட்டில் கையெழுத்துப் போடுவதைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் போதாது. தொகையும் தேதியும் இல்லாமல் கையெழுத்திட்டுக் கொடுத்தால், வைத்திருப்பவன் அதை நிரப்பிக்கொள்ள 1881ஆம் ஆண்டுச் சட்டமே இடம் கொடுக்கிறது. புரோநோட்டின் பேரில் வழக்குப் போட மூன்று வருஷக் கெடு உண்டு. தேதி எழுதாவிட்டால் அந்தக் கெடுவும் அவன் கையில். வெற்றுச் செக் அதைவிட ஆபத்து, அது ஜெயில் வரை இழுக்கும்.

தோழர்கள் சிலர் நம்மிடம் கோபித்துக்கொள்ளக்கூடும். “கூலிப் போராட்டத்தை விட்டுவிட்டு வட்டிக் கணக்குப் பாடம் நடத்துகிறீர்களே” என்பார்கள். சிக்கனமாக இருந்தால் ஏழ்மை போய்விடும் என்று உபதேசம் செய்கிற கனவான்களோடு நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வயிற்றுக்கே போதாத கூலியில் எதைச் சேமிப்பது? நடுஇரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் வங்கி திறந்திருக்காது, தண்டல்காரன் திறந்திருப்பான். இது நமக்குத் தெரியும். ஆனாலும் இதையும் யோசியுங்கள்: மேலே சொன்ன தண்டலை ஆண்டில் மூன்று முறை வாங்குகிறவர் 4,500 ரூபாய் வட்டி கட்டுகிறார். மாதத்துக்கு 375 ரூபாய். சம்பளத்தில் 375 ரூபாய் உயர்த்த எத்தனை வாயிற்கூட்டம், எத்தனை நாள் பேச்சுவார்த்தை! வாங்கிய உயர்வை அடுத்த வாசலில் கொட்டிவிட்டுப் போகவா?

“எனக்குப் படிப்பில்லை, கணக்கு வராது” என்ற பேச்சை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. களத்து மேட்டில் மரக்கால் தலைதட்டும்போது ஒரு கைப்பிடி குறைந்தால் கண்டுபிடிக்கிற விவசாயத் தொழிலாளிக்கா கணக்கு வராது? வங்கிக் கவுண்டரில் குமாஸ்தா முகத்தைச் சுளித்தவுடன் நாம் பின்வாங்கிவிடுகிறோம், அவ்வளவுதான். குறைந்தபட்ச இருப்பு வேண்டாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எந்த வங்கியிலும் கேட்டுப் பெறலாம். அது பிச்சை அல்ல. மில்லிலுள்ள தொழிலாளர் கூட்டுறவு நாணயச் சங்கம், கிராமத்து வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஆகியவற்றின் மகாசபைக்கு எத்தனை உறுப்பினர்கள் போகிறார்கள்? நாம் போகாத இடத்தில் பண்ணையாரும் கான்டிராக்டரும் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

எனவே கிளைச் சங்கங்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். சம்பளம் போட்ட மறுநாள் மாலை சங்க அலுவலகத்தில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி போடுங்கள். கணக்குப் போடத் தெரிந்த இளைஞர் ஒருவரை உட்காரவையுங்கள். உறுப்பினர்கள் கடன் அட்டை, சம்பளச் சீட்டு, பாஸ்புக் எடுத்து வரட்டும். சம்பளத்தில் பிடித்த பி.எப். தொகை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள். பல வீடுகளில் கடனைக் கட்டுகிறவர்கள் அவர்கள்தான். யார் கடன் யாருக்குத் தெரியும் என்ற கூச்சம் முதல் மாதம் இருக்கும். மேஜையில் உட்காருகிறவர் கேட்டதை வெளியே சொல்லாதவராக இருக்க வேண்டும்.