நல்லாசிரியருக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை

செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். டாக்டர் ராதாகிருஷ்ணன் ராஷ்டிரபதியான 1962ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் இது கொண்டாடப்பட்டு வருகிறது. அன்று மேடை போடுவார்கள்; மந்திரிகள் பேசுவார்கள்; தேர்ந்தெடுக்கப்பட்ட ஆசிரியர்களுக்குப் பதக்கமும் பணமும் வழங்குவார்கள். அப்படிக் கௌரவம் பெறுவோரில் உண்மையாக உழைத்தவர்கள் பலர் உண்டு. அவர்களை நாம் மனமார வாழ்த்துகிறோம்.

ஆனால் ஒரு கேள்வி. கடைக்கோடி கிராமத்தின் ஓட்டுப் பள்ளிக்கூடத்தில், மில் பகுதியின் முனிசிபல் பள்ளிக்கூடத்தில், பாட்டாளியின் பிள்ளையைக் கைதூக்கிவிட்ட உபாத்தியாயரைக் கண்டுபிடிப்பது யார்? கௌரவிப்பது யார்?

தேசிய நல்லாசிரியர் விருதுக்கு முன்பெல்லாம் ராஜ்ய சர்க்கார்கள் பெயர்களைச் சிபாரிசு செய்து அனுப்பின. 2018 முதல் ஆசிரியர் தம் பெயரைத் தாமே இணையம் வழியாக முன்மொழிய வேண்டும் என்று ஆகிவிட்டது. சிபாரிசு ஒழிந்தால் நல்லதுதான். ஆனால் தமது பெருமையைத் தாமே எழுதி, அதற்குச் சான்றும் படமும் சேர்த்து அனுப்ப எத்தனை பேருக்கு மனம் வரும்? விடிந்ததும் பஸ் ஏறி, பொழுது சாய்ந்த பின் வீடு திரும்பும் ஒரு டீச்சருக்கு அதற்கு நேரம்தான் ஏது? யார் நல்ல ஆசிரியர் என்பது விண்ணப்பத் தாளுக்குத் தெரியாது. அந்தப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் தாய்க்குத் தெரியும்.

நடவு தொடங்கியதும் மூத்த பெண் பள்ளிக்கு வருவதில்லை. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும். இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் குடிசை வாசலில் வந்து நிற்கிறாரே, அவர்தான் நல்லாசிரியர். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போய், பாதி வருஷம் படிப்பைத் தொலைத்துவிட்டு வரும் பையனை, 'உனக்கு இடமில்லை' என்று விரட்டாமல், விட்ட பாடத்தைத் தனியே உட்கார வைத்துச் சொல்லித் தருகிறாரே, அவர்தான் நல்லாசிரியர். சாதிச் சான்றிதழ், ஸ்காலர்ஷிப் பாரம் என்று எழுத்தறியாத பெற்றோர் அலையும்போது, தாமே எழுதிக் கொடுத்துத் தாலுகா ஆபீசுக்கு வழி சொல்கிறாரே, அவர்தான்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. சர்க்கார் பள்ளியிலும் எய்டட் பள்ளியிலும் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கானது. அதில் தேறினால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வருஷம் 12,000 ரூபாய் கிடைக்கும். கூலி வீட்டில் இந்தப் பணம் ஒரு பெண்ணின் படிப்பைக் காப்பாற்றும்; கல்யாணத்தைத் தள்ளிப்போடும். இந்தத் தேர்வுக்காகப் பள்ளி விட்ட பிறகும், சனிக்கிழமைகளிலும் சம்பளமில்லாமல் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எந்தப் பத்திரிகையிலும் அவர்கள் படம் வருவதில்லை.

இவர்கள் ஒரு பெரிய பரம்பரையின் வாரிசுகள். 1848ல் புனாவில் ஜோதிராவ் பூலேயும் அவர் மனைவி சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். பாடம் சொல்லித் தரப் போன சாவித்திரிபாய் மீது மேல்சாதி வைதிகர்கள் சேற்றையும் சாணியையும் எறிந்தார்கள். அவர் மாற்றுச் சேலையைக் கையோடு எடுத்துச் சென்றார்; பள்ளியில் உடுத்தி மாற்றிக்கொண்டு பாடம் நடத்தினார்; மறுநாளும் போனார். 1855ல் உழைப்பாளிகளுக்கும் விவசாயிகளுக்கும் இரவுப் பள்ளியையும் அவர்கள் தொடங்கினார்கள். பகலெல்லாம் பாடுபட்டவனுக்கு இரவில் எழுத்துச் சொல்லித் தரலாம் என்ற எண்ணம் இந்த நாட்டில் அவ்வளவு பழையது.

நம் மாகாணத்திலும் இந்தப் போராட்டம் நடந்தது. 1953ல் ராஜாஜி மந்திரிசபை ஒரு கல்வித் திட்டம் கொண்டு வந்தது. கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளியில் அரை நாள். மீதி நேரம் தகப்பன் தொழில். உபாத்தியாயருக்கோ இரண்டு ஷிப்டு வேலை. ஜனங்கள் எதிர்த்தார்கள், 1954ல் காமராஜ் மந்திரிசபை அதைக் கைவிட்டது. 1956ல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் ஊர் மக்களின் நன்கொடையோடு துவங்கியது. 1982ல் அது சத்துணவாக விரிந்தது. 2022ல் காலை உணவும் வந்தது. சோறு போட்டது திட்டம். ஆனால் வராத பிள்ளையை வீடு தேடிப் போய் அழைத்து வந்தவை ஆசிரியரின் கால்கள்.

கொரோனா காலத்தை மறக்க முடியுமா? 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிகள் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. பணக்காரப் பிள்ளைகள் செல்போனில் படித்தார்கள். நம் பிள்ளைகள் ஆடு மேய்த்தார்கள். பலர் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் வேலைக்குப் போனார்கள். அந்த நாட்களில் யாரும் உத்தரவு போடாமலே தெருவுக்கு வந்து, மரத்தடியிலும் மண்டபத்திலும் பிள்ளைகளைச் சேர்த்துப் பாடம் சொன்ன ஆசிரியர்களை ஊர் ஊராக நாம் கண்டோம்.

இப்படிப்பட்டவர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் சால்வை போர்த்தினால் கடன் தீர்ந்துவிடுமா? தீராது. மற்ற நாட்களில் அவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள்.

ஸ்பின்னிங்கில் ஒரு தொழிலாளி இத்தனை சைடுதான் பார்க்க முடியும், அதற்கு மேல் திணித்தால் நூலும் கெடும், ஆளும் விழுவான் என்று நாம் போராடுகிறோம். ஓராசிரியர் பள்ளியில் என்ன நடக்கிறது? ஒரே டீச்சர் ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்து மேய்க்கிறார். அவருக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கே காய்ச்சல். 2010ல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் சொல்வதென்ன? ஆரம்பப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தாலும் இரண்டு ஆசிரியர்கள் வேண்டும் என்கிறது. மக்கள் தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை இழுக்கக் கூடாது என்கிறது. நடைமுறையிலோ, எமிஸ் என்ற இணையப் பதிவேட்டில் விவரம் ஏற்றுவதிலேயே பாட நேரம் கரைகிறது என்று ஆசிரியர்கள் முறையிட்டு வருகிறார்கள்.

மில்லில் பதிலித் தொழிலாளி படும் பாடு நமக்குத் தெரியும். பள்ளியிலும் அந்த முறை புகுந்துவிட்டது. 2012ல் தமிழ்நாட்டில் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் நியமித்தார்கள். ஓவியமும் உடற்பயிற்சியும் தையலும் சொல்லித் தந்தவர்கள் அவர்கள். நாளை வேலை நிலைக்குமா என்று தெரியாதவர் எந்த மனதோடு பாடம் நடத்துவார்?

2003ல் தங்கள் உரிமைகளுக்காக வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் சுமார் 1,70,000 பேர் ஒரேயடியாக டிஸ்மிஸ் செய்யப்பட்டார்கள். சுப்ரீம் கோர்ட்டு தலையிட்ட பிறகே பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். மாலை போடும் கைதான் டிஸ்மிஸ் உத்தரவையும் நீட்டியது! ஆசிரியரைக் கௌரவிப்பதற்கு வேறு வழியும் உண்டு. 1957ல் கேரளத்தில் அமைந்த கம்யூனிஸ்ட் மந்திரிசபை அதைக் காட்டியது. கல்வி மந்திரி ஜோசப் முண்டசேரி கொண்டு வந்த சட்டம், எய்டட் பள்ளி ஆசிரியரின் சம்பளத்தைச் சர்க்காரே நேரடியாகத் தரும்படி செய்தது. மானேஜர் நினைத்தபடி வீட்டுக்கு அனுப்புவதைத் தடுத்தது. அதை எதிர்த்துக் கிளம்பியவர்களின் கூச்சல், 1959 ஜூலை 31ல் அந்த மந்திரிசபையை மத்திய சர்க்கார் கலைப்பதில் போய் முடிந்தது.

நம்மிடையே ஒரு பேச்சு உண்டு: 'வாத்தியாருக்கு என்ன, மாதம் பிறந்தால் சம்பளம். நமக்கல்லவா கூலி இல்லை!' இந்தப் பேச்சால் யாருக்கு லாபம்? ஆசிரியரின் சம்பளத்தைப் பிடித்தால் அந்தப் பணம் கூலிக்காரன் மடியில் வந்து விழப் போவதில்லை. இருக்கும் ஆசிரியரும் போவார், பள்ளி மூடும், கடன் வாங்கித் தனியார் பள்ளிக்குப் பணம் கட்டும் நிலைதான் வரும்.

வேலை செய்யாத ஆசிரியர் இல்லையா? இருக்கிறார். தாழ்த்தப்பட்ட பிள்ளையிடம் துடைப்பத்தைக் கொடுப்பவரும், சட்டம் தடுத்த பிரம்பை இன்னும் எடுப்பவரும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆசிரியர் சங்கங்களும் வாங்கக் கூடாது. அப்படிப்பட்டவரைத் தட்டிக் கேட்பதும், நல்லவருக்குத் துணை நிற்பதும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கங்கள். ஊர் கேட்காவிட்டால் உழைக்காதவருக்குப் பயமில்லை, உழைப்பவருக்குப் பலமில்லை.

ஆகவே தொழிலாளத் தோழர்களையும் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களையும் நாம் கேட்டுக்கொள்வது இதுதான்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்த இடங்களை ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு விட்டுவிடாதீர்கள். கூலி வேலைக்குப் போகும் தாய்மார்கள் அங்கே உட்காரட்டும். ஓராசிரியர் பள்ளியாக இருந்தால் இரண்டாவது ஆசிரியரைக் கேட்டுத் தீர்மானம் போடுங்கள், கையெழுத்து வாங்குங்கள், கல்வி அதிகாரியிடம் திரண்டு போங்கள். நல்ல ஆசிரியரைக் காரணமில்லாமல் மாற்றினால் ஊரே எழுந்து கேளுங்கள். நடவானாலும் அறுவடையானாலும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள். வெறும் பெஞ்சுக்கு யாரும் பாடம் நடத்த முடியாது.

தொழிற்சங்கங்களுக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களுக்கும் ஒரு யோசனை. உங்கள் பகுதிப் பள்ளியின் நல்லாசிரியரை நீங்களே தேர்ந்தெடுங்கள். அவர் விண்ணப்பம் போட வேண்டாம். அவரிடம் படித்த பிள்ளைகளின் தாய்மார்கள் சொன்னால் போதும். மில் வாசல் கூட்டத்துக்கு, மே தின மேடைக்கு அவரை அழைத்து, அவர் செய்த காரியத்தை ஊரறியச் சொல்லுங்கள். அந்த மேடையிலேயே அவர் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். கரும்பலகையா, கக்கூசா, இன்னொரு ஆசிரியரா, எதுவானாலும் அதை உங்கள் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளைக்காக அவர் நிற்கிறார். அவருக்காக நாம் நிற்போம்!