துப்பாக்கியை வென்ற கணக்குப் புத்தகம்

விக்கிரவாண்டிக்கும் சிகாகோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? இருக்கிறது, வாசகர்களே. இரண்டுக்கும் நடுவே ஓடுவது சாராயம்!

1920 ஜனவரியில் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. மது நின்றது, தாகம் நிற்கவில்லை. சிகாகோவில் ஜானி டோரியோ என்ற ஆசாமி இதைக் கண்டுகொண்டார். ரௌடிகளைக் கூட்டி, "இந்தப் பேட்டை உனக்கு, அந்தப் பேட்டை அவனுக்கு" என்று பாகம் பிரித்தார். பீர் காய்ச்ச ஒருவர், லாரி ஓட்ட ஒருவர், போலீஸுக்கு மாமூல் கொடுக்க ஒருவர். 1925-ல் அவர் ஒதுங்கிக்கொள்ள, எல்லாம் சீடன் அல் கபோன் கைக்கு வந்தது.

1929 பிப்ரவரி 14-ம் தேதி எதிர்க் கோஷ்டியின் மோட்டார் கொட்டகையில் ஏழு பேர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். கபோன் அன்று எங்கே? ஃப்ளாரிடாவில்!

கும்பலின் சூட்சுமமே அதுதான். கட்டளை படிப்படியாக இறங்கும்; பணம் படிப்படியாக ஏறும். 1963-ல் ஜோசஃப் வலாச்சி என்ற நியூயார்க் கும்பல்காரர் செனட் விசாரணையில் வாய் திறந்தார். மேலே தலைவர், அடுத்து உபதலைவர், கீழே பகுதித் தலைவர்கள், அடியில் சிப்பாய்கள். சேரும்போது விரலில் ரத்தம் எடுத்து மௌனப் பிரமாணம். சிப்பாய் அகப்பட்டால் வழக்கு அவனோடு முடிந்துவிடும்.

இனி நம் பக்கம் வருவோம். விக்கிரவாண்டியை அடுத்த முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலிருந்து விஷச் சாராயம் குடித்தவர்களை இங்கே தூக்கிவந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டபோதும் சிலர் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

இரண்டு இடத்திலும் யமன் ஒருவனே: மெதனால். பெயிண்ட், வார்னிஷ் தொழிலுக்கு வேண்டிய சரக்கு அது. உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத் தாக்கும், பிறகு உயிரை. குடித்தவர் கண் மங்குகிறது என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

"இங்கேதான் டாஸ்மாக் கடை இருக்கிறதே!" என்பீர்கள். கடைப் பாட்டிலுக்குக் காசு போதாத கூலிக்காரருக்காக வந்ததுதான் பாக்கெட் சாராயம். தொழிற்சாலைச் சரக்கு, கைமாற்றுகிறவர், மொத்த வியாபாரி, தெருவில் பாக்கெட் விற்பவர் என்று அதே ஏணி! செத்தவரும் அடிப்படியில், முதலில் கைதாகிறவரும் அடிப்படியில்.

கபோனை எப்படிப் பிடித்தார்கள் தெரியுமா? கொலைக்காக அல்ல. ஒரு சூதாட்ட விடுதியில் அகப்பட்ட கணக்குப் புத்தகத்தை வருமான வரிக்காரர்கள் வரி வரியாகப் படித்தார்கள். கணக்கெழுதியவரே சாட்சி சொன்னார். 1931-ல் பதினோரு வருஷச் சிறை! பணம் ஏறிய வழியே அவர்களும் ஏறிப் போனார்கள்.

கள்ளக்குறிச்சிக்குப் பிறகு, 2024-ல், நம் சட்டசபையும் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, உயிர் போனால் ஆயுள் தண்டனை வரை என்று கடுமையாக்கியது. நல்லதுதான். ஆனால் பாக்கெட் எந்தச் சந்தில் விற்கிறது என்று ஊருக்கே தெரியும். அமெரிக்கக் கும்பலுக்கு ரத்தப் பிரமாணம் வேண்டியிருந்தது. நமக்கு "எனக்கேன் வம்பு?" என்ற இரண்டே சொல் போதுமாக இருக்கிறது!