அடுத்த சுற்றுலா காட்டுக்கே



டிசம்பர் வந்துவிட்டால் நம் சங்கத்தில் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடும். ஒரு சாரார் வாட்டர் பார்க் என்பார்கள். மற்றவர்கள் ஷீரடி என்பார்கள். இரண்டுக்கும் நானும் வந்திருக்கிறேன், குறை சொல்ல வரவில்லை. இம்முறை போரிவலி காட்டுக்குப் போய், வழிகாட்டி ஒருவருடன் காலை மூன்று மணி நேரம் நடப்போம் என்பது என் யோசனை. கூட்டத்தில் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். "மரத்தைப் பார்க்க வழிகாட்டி எதற்கு சார்?" என்று ஒரு நண்பர் கேட்டார். அவருக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் நாட்டிங்காமில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அருகில் ஷெர்வுட் என்ற பழங்காடு. ராபின் ஹூட் ஒளிந்திருந்ததாகக் கதை சொல்லும் ஓக் மரம் அங்கேதான் இருக்கிறது. வயது 800 முதல் 1000 வரை இருக்கும் என்கிறார்கள். சுற்றளவு 10 மீட்டருக்கு மேல். கிளைகளுக்கு இரும்புக் கால்கள் முட்டுக் கொடுத்திருந்தார்கள். சுற்றிலும் வேலி. கிட்டே போகமுடியாது. பார்க்க வந்தவர்கள் மிதித்து மிதித்து வேரைச் சுற்றிய மண் இறுகிப்போனதால் 1970-களில் வேலி போட்டார்கள் என்று எங்களை அழைத்துப்போன வழிகாட்டி விளக்கினார்.

எனக்கு அது சுருக்கென்று தைத்தது. ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். கரை போடும்போது மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் விட்டு இறுக்குவோம். மண்ணுக்குள் காற்று இடைவெளி இருந்தால் மழையில் கரை அமிழும். மரத்தின் வேருக்கோ அந்த இடைவெளிதான் மூச்சு. எனக்குத் தொழிலாக இருந்த காரியம் மரத்துக்கு எமன். அந்த மரத்தைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தவர்களே அதற்குக் கெடுதல் செய்திருக்கிறார்கள். வழிகாட்டி ஏன் வேண்டும் என்பதற்கு முதல் பதில் இதுதான். எந்தப் பாதையில் நடக்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

நம் போரிவலி காட்டுக்கு வருவோம். சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்று பெயர். சுமார் 104 சதுர கிலோமீட்டர். உள்ளே கன்ஹேரி மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே குடையத் தொடங்கியவை. 1860-ல் முடிந்த விஹார் ஏரியும் 1879-ல் முடிந்த துளசி ஏரியும் இந்தக் காட்டின் மழைநீரைப் பிடித்துத்தான் மும்பைக்குக் குடிக்கக் கொடுக்கின்றன. இத்தனை அருகில் இருந்தும் நம்மில் பாதிப்பேர் அங்கே போனதில்லை.

போன மாசியில் பத்து வயதுப் பேரனோடு அங்கே போனேன். மொத்தம் பதினைந்து பேர். வழிகாட்டி ஒரு மராட்டிப் பெண். முதலைத்தோல் போலப் பட்டை வெடித்த மரத்தைக் காட்டி "ஐன்" என்றாள். "கருமருது" என்றேன் நான். செந்தீ போலப் பூத்திருந்த மரத்தைக் காட்டி "பளஸ்" என்றாள். "இது புரசு, சென்னையில் புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்த மரம்" என்றேன். முள் தண்டும் சிவந்த பூவுமாக நின்றதைக் காட்டி "சாவர்" என்றாள். "டேய், இலவு காத்த கிளி என்று பள்ளிக்கூடத்தில் படித்தாயே, அந்த இலவு இதுதான்" என்றேன். பேரன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "தாத்தா, இது நிஜ மரமா?" என்றான்.

அன்பர்களே, அந்தக் கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை. நம் குழந்தைகளுக்குப் பழமொழி தெரிகிறது, மரம் தெரியவில்லை. உல்லாஸ்நகரில் பிறந்த பிள்ளைக்கு ஊர் மரத்தை யார் காட்டுவார்கள்? வழிகாட்டிக்கு மராட்டிப் பெயர் தெரியும். தமிழ்ப் பெயர் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் தெரியும். நாம் போய்விட்டால் அந்தப் பெயரும் நம்மோடு போய்விடும். அதனால் குழந்தைகளை மட்டும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினால் போதாது. தாத்தா பாட்டிகளும் கூடவே நடக்க வேண்டும்.

பெயர் தெரிவதில் இன்னொரு நன்மையும் உண்டு. 2019 அக்டோபரில், இந்தக் காட்டை ஒட்டிய ஆரேயில் மெட்ரோ பணிமனைக்காக 2000-க்கும் மேற்பட்ட மரங்களை வெட்டினார்கள். ரயில் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. சால் மரத்து ஸ்லீப்பர் மேல் தண்டவாளம் போட்டுச் சம்பளம் வாங்கியவன்தான் நானும். ஆனால் அன்று செய்தித்தாளில் எண்ணிக்கையை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். அவற்றில் எத்தனை கருமருது, எத்தனை இலவு என்று கேட்கத் தோன்றவில்லை. பெயர் தெரியாதவர் வீட்டு இழவுக்கு யார் போகிறார்கள்?

சிறுத்தை இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது. வழிகாட்டியோடு கூட்டமாகப் பகலில் போகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். தூரம் என்கிறார்கள். முதல் லோக்கலில் தாதர் போய் மேற்கு ரயில்வேக்கு மாறினால் போரிவலி. ஸ்டேஷனுக்குக் கிழக்கே நடக்கும் தூரத்தில் பூங்கா வாசல். திங்கட்கிழமை விடுமுறை. 1883-ல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் மையம் கோரேகாவில் காட்டை ஒட்டியே இருக்கிறது. அங்கும் இப்படி அழைத்துப் போகிறார்கள். முட்டிவலிக்காரர்கள் தாராவி பக்கத்து மகாராஷ்டிரா இயற்கைப் பூங்காவுக்காவது போகலாம். குப்பை கொட்டிய இடத்தில் மரம் வளர்த்து 1994-ல் திறந்தது அது.

ஒலிபெருக்கி வேண்டாம், அந்தாட்சரி வேண்டாம். குரங்குக்குத் தீனி போட வேண்டாம். புளியோதரை ஸ்டீல் டப்பாவில் வரட்டும், டப்பா வீட்டுக்குத் திரும்பட்டும். இருபது பேருக்கு மேல் போனால் இரண்டு குழுவாகப் பிரிவோம். மாசியில் புரசும் இலவும் பூக்கும்போது ஒரு ஞாயிறு போதும்.

பெயர்ப் பட்டியல் தொடங்கினால் முதல் இரண்டு பெயர் என்னுடையதும் பேரனுடையதும். மூன்றாவதாக, அன்று கேள்வி கேட்ட நண்பரின் பெயரையும் எழுதிவிடலாம் என்றிருக்கிறேன்.