எஸ்டேட் மாப்பிள்ளை

‘காதலிக்க நேரமில்லை’ படத்தை நம் சங்கத்துப் பிள்ளைகளுக்கு இன்று போட்டுக் காட்டினாலும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஸ்ரீதர் இயக்கி 1964-இல் வந்த படம். கையில் காசில்லாமல் ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ தொடங்கும் நாகேஷ், பணக்கார மாப்பிள்ளைக்கு ஆசைப்படும் எஸ்டேட் முதலாளி பாலையா. நாகேஷ் திகில் கதை சொல்லப் பாலையா நடுங்கும் காட்சிக்கு ஈடாக இன்னொன்று வரவில்லை என்பது என் கட்சி.

ஆனால் தேவிகுளத்துக்காரர்களுக்கு இன்னொன்றும் கண்ணில் படும். எஸ்டேட்டில் வேலை போன ரவிச்சந்திரன், முதலாளி பங்களா எதிரே கூடாரம் அடித்துப் போராடுகிறார். பிறகு கோடீஸ்வரர் மகன் என்று வேஷம் போட்டதும் மரியாதை தானாக வருகிறது. வேலை கேட்ட கதை அதோடு போயிற்று! முன்னேற்றம் என்றால் முதலாளி வீட்டு மாப்பிள்ளை ஆவதுதானா?

நம் மலையில் நடந்தது வேறு. 2005-இல் டாடா டீ விலகியபோது உருவான கண்ணன் தேவன் கம்பெனியில் தொழிலாளர்களும் பங்குதாரர்கள் ஆனார்கள். அப்படியும் 2015 செப்டம்பரில் கொழுந்து கிள்ளும் பெண்கள், ‘பெம்பிளை ஒருமை’ என்று திரண்டு, சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு, 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறு சாலையில் உட்கார வேண்டியிருந்தது. பெரும்பகுதி கருணைத் தொகை என்ற பெயரில் என்றாலும், 20 சதவீதம் கிடைத்தது. பங்குதாரரே போனசுக்குத் தெருவில் உட்காரும் இந்த வேடிக்கையைப் பாலையா இருந்தால் விட்டிருப்பாரா?

யாராவது ஓர் இளைஞர் இதைப் படமாக எடுக்கட்டும். காதலும் இருக்கட்டும். 1924 வெள்ளத்தில் போன குண்டளை ரயிலை ஒரு காட்சியில் ஓடவிட்டால், ரயில்வேயில் ஓய்வு பெற்ற நான் இரண்டு தடவை டிக்கெட் எடுப்பேன்.