கேமராவைவிடக் கூலி அதிகமாகவே இருக்கட்டும்

"கேமராவே ரெண்டாயிரம்தான். அதை ரிப்பேர் பண்ண மூவாயிரமா?"

திருச்சியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருக்கும் பாயிடம் பழைய கேமராவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்கிறார்கள். சிலர் கேட்ட கையோடு கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்படிப் போனவை மறுபடி அலமாரிக்குத்தான் போகும். கூலி கேமராவின் விலையைவிட அதிகமாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. நான் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். பாயின் மேசைக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அந்த வேலையைக் கண்ணால் பார்த்ததால் சொல்கிறேன்.

என்னுடையது யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், பழம்பொருள் கடை ஒன்றில் எனாமல் தூக்குகளுக்கும் உடைந்த சுவர்க்கடிகாரங்களுக்கும் நடுவே கிடந்தது. பினாங்கிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யார் வீட்டுக்கோ வந்திருக்க வேண்டும். "ஹோட்டல்காரங்க ஷோவுக்கு வாங்கிட்டுப் போவாங்க" என்றார் கடைக்காரர். எலக்ட்ரோ 35 வரிசையை ஜப்பானில் 1966-இல் கொண்டுவந்தார்கள். ஜிஎஸ்என் 1973-இல் வந்தது. 45 மி.மீ., எஃப் 1.7 லென்ஸ். துளையின் அளவை நாம் வைத்தால் போதும், வெளிச்சத்தை அளந்து ஷட்டர் வேகத்தைக் கேமராவே முடிவு செய்துகொள்ளும். அந்தக் காலத்தில் அது பெரிய சங்கதி. பாட்டரி இல்லையென்றால் நொடியில் 500-இல் ஒரு பங்கு என்ற ஒரே வேகத்தில்தான் ஷட்டர் திறக்கும். அதனால் கடையில் அழுத்திப் பார்த்தபோது 'டிக்' என்று கேட்டதை வைத்து எதுவும் சொல்வதற்கில்லை.

பாய் கையில் வாங்கியதும் வேறொன்றைக் கேட்டார். ஃபிலிம் ஓட்டும் நெம்புகோலைக் காதருகே வைத்து மெதுவாகத் தள்ளினார். முடியும் இடத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம் வர வேண்டுமாம். வரவில்லை. "ரப்பர் போச்சு டீச்சர்" என்றார். உள்ளே ஒரு தண்டின் முனையில் மிளகளவு ரப்பர் துண்டு இருக்கிறது. வருஷங்கள் ஆக ஆக அது பொடிந்து உதிர்ந்துவிடும். அது உதிர்ந்தால் வெளிச்சம் கூடவா குறையவா என்று காட்டும் விளக்கு எரிவதும் ஷட்டர் வேகமும் தாறுமாறாகிவிடும். இந்த மாடலுக்கு உள்ள பிறவிக் கோளாறு இது. மாற்ற வேண்டிய துண்டுக்கு விலை என்று ஒன்றுமில்லை. ஆனால் அந்த இடத்துக்குக் கை போக, மேல்மூடியைக் கழற்றி, முன்பக்கத் தோலுறையைக் கிழியாமல் உரித்து, லென்ஸ் பகுதியையே தனியாக எடுக்க வேண்டும்.

பாட்டரி அறையில் பச்சை பூத்திருந்தது. வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்தார், அரித்துப்போன ஒயரை வெட்டிவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தார். இதற்கென்று இருந்த 5.6 வோல்ட் பாதரச பாட்டரி இப்போது வருவதில்லை. ஜப்பானின் மினமாட்டாவில் பாதரசம் மனிதர்களை என்ன பாடுபடுத்தியது என்று தெரிந்த யாரும் அதற்காக வருத்தப்பட மாட்டார்கள். 6 வோல்ட் பாட்டரி ஒன்றைக் காகிதத்தில் சுற்றி, நீளம் குறைந்த இடத்துக்கு ஒரு ஸ்பிரிங் வைத்தார். பின்பக்கப் பொத்தானை அழுத்தியதும் எண் காட்டும் ஜன்னல் பச்சையாக ஒளிர்ந்தது. பின்கதவின் ஓரத்தில் வெளிச்சம் புகாமல் இருக்க ஒட்டியிருந்த ஸ்பாஞ்சு தார்போல உருகிக் கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்தக் காடியில் கறுப்பு உல்லன் நூலை வைத்து ஒட்டினார்.

எனக்கு மிகவும் பிடித்தது ரேஞ்ச்ஃபைண்டர் வேலை. கேமராவின் முகத்தில் சற்றுத் தள்ளித் தள்ளி இரண்டு ஜன்னல்கள். ஒன்றின் வழியே வரும் காட்சி நேராகக் கண்ணுக்கு வருகிறது. மற்றொன்றில் நுழையும் காட்சி, அசையும் கண்ணாடி ஒன்றில் பட்டுத் திரும்பி, முதல் காட்சியின் நடுவில் மங்கலாக விழுகிறது. லென்ஸ் வளையத்தைத் திருகினால் அந்தக் கண்ணாடி இம்மியளவு திரும்பும். இரண்டு பிம்பமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால் தூரம் சரி. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் அலகில் வரும் முக்கோண முறைதான் இது. வருஷா வருஷம் கரும்பலகையில் போட்ட முக்கோணம் உள்ளங்கையில் அடங்கும் பொருளுக்குள் வேலை செய்வதைப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை எந்த மாணவருக்கும் கொடுக்க ஆசை.

என் கேமராவில் பிம்பங்கள் பொருந்தவில்லை, மங்கியும் இருந்தன. பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் கண்ணாடி மேல் புகைபோலப் படிந்திருந்தது. "ஃபேனை நிறுத்துங்க டீச்சர். இந்தப் பூச்சு அழுத்தித் துடைச்சாலே வந்துரும். அப்புறம் இதுக்குக் கண்ணாடி எங்கே தேட?" ஊதல் பந்தால் ஊதி, மெல்லிய பிரஷ் முனையால் தொட்டும் தொடாமலும் தடவினார். பிறகு மொட்டை மாடிக்கு எடுத்துப்போய், தொலைவில் தெரிந்த மலைக்கோட்டையைப் பார்த்து, முடிவிலியில் வளையத்தை நிறுத்தி, சின்னத் திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பித் திருப்பி இரண்டு உச்சிப்பிள்ளையார் கோயில்களை ஒன்றாக்கினார்.

இதற்கு அவர் வாங்கியது மூவாயிரம். இரண்டாயிரம் என்பது நின்றுபோன பொருளுக்கு ஒரு கடைக்காரர் சொன்ன விலை. அதை வைத்து ஓடுகிற பொருளுக்கான உழைப்பை அளப்பது கணக்கிலேயே சேராது. அதைத் தயாரித்த யாஷிகா 1983-இல் கியோசெராவோடு சேர்ந்துவிட்டது. கியோசெராவும் 2005-இல் கேமரா தயாரிப்பையே விட்டுவிட்டது. உதிரிபாகம் கேட்டு எழுதக்கூட முகவரி இல்லை. மிச்சமிருப்பது சிலருடைய விரல்களும் காதும்தான். அந்த 'டொக்' சத்தம் எப்போது வர வேண்டும் என்று தெரிந்த காதுக்கு நாம் என்ன விலை வைக்கிறோம்?

கூலி கட்டாத தொழிலில் யாரும் பிள்ளையை உட்கார வைக்க மாட்டார்கள். பாயின் மகன் செல்போன் கவர் விற்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நம் உதகையில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்துக் கொடுத்தது. ஆலை மூடியபோது இயந்திரங்களோடு சேர்ந்து, இருட்டறையில் கைத்தடவலில் வேலை செய்யத் தெரிந்தவர்களின் படிப்பும் சிதறிப்போனது. அதைத் திரும்பச் சேர்க்க வழியில்லை. கேமரா மெக்கானிக்குகள் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது.

ஃபிலிம் விலை ஏறிவிட்டது, கழுவ ஆளில்லை, செல்போனில் எல்லாம் சும்மா வருகிறதே என்பார்கள். விலை ஏறியது உண்மைதான். அதற்காக எல்லாரும் ஃபிலிமுக்குத் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் தாத்தாவின் கேமரா இருக்கிறவர்கள், ஆசைப்பட்டு ஒன்றை வாங்குகிறவர்கள், இவர்களைத்தான் கேட்கிறேன். ஐம்பது வருஷப் பொருள் கறுப்பு நூலிலும் ஒரு துளி ரப்பரிலும் எழுந்து நிற்கிறது. என் செல்போனின் பாட்டரியோ பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022-இல் ஓர் இணையதளம் தொடங்கியது, நல்ல காரியம். உரிமை இருந்து பழுதுபார்க்க ஆளில்லை என்றால் என்ன செய்வது? ஐடிஐ-களில் நுண்கருவிப் பழுதுபார்ப்பைச் சொல்லிக்கொடுக்க பாயைப் போன்றவர்களைச் சான்றிதழ் கேட்காமல் அழைக்க வேண்டும், மதிப்பூதியம் கொடுத்து.

திறந்து பார்ப்பதற்கே ஒரு கட்டணம் எழுதி ஒட்டுங்கள் என்று பாயிடம் சொன்னேன். "ஒட்டினா வர்றவங்களும் வர மாட்டாங்க டீச்சர்" என்கிறார். ஆகவே போகிறவர்களிடம் சொல்கிறேன். கேமராவை நீட்டும்போதே பார்வைக் கூலியாக ஐந்நூறு ரூபாயை மேசையில் வையுங்கள். சரிசெய்ய முடியாது என்று அவர் சொன்னாலும் அதைத் திரும்பக் கேட்காதீர்கள். வேலைக்கு இரண்டு மாதம் அவகாசம் கொடுங்கள். பேரம் பேசாதீர்கள்.