ஆதிக் குழம்பும் அவசர முடிவுகளும்

உயிரின் தோற்றம் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் பலவற்றுக்கு ஒரு நிலைத்த வடிவம் உண்டு. ஆதியில் கடல் இருந்தது, மின்னல் வெட்டியது, கடல் குழம்பாகியது, குழம்பிலிருந்து உயிர் எழுந்தது. நான்கு வாக்கியங்களில் சிருஷ்டி முடிந்துவிடுகிறது. பிரம்மாவின் இடத்தில் மின்னல் அமர்ந்திருக்கிறது என்பதைத் தவிர இதற்கும் புராணத்துக்கும் என்ன வேறுபாடு? ஒரு கவிதையில் தேய்ந்த உவமை வந்தால் முகம் சுளிக்கும் நாம், இதை மட்டும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டோம்.

இக்கதைக்குச் சாட்சியாக எப்போதும் அழைத்துவரப்படுபவர் ஸ்டான்லி மில்லர். 1953இல் சிகாகோவில் ஹரால்ட் யூரேயின் மாணவராக இருந்த அவர், மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் கலனில் அடைத்து ஒரு வாரம் மின்பொறி பாய்ச்சினார். கிளைசின், அலனைன் முதலிய அமினோ அமிலங்கள் கிடைத்தன. மகத்தான சோதனைதான். ஆனால் மில்லர் உயிரை உண்டாக்கவில்லை, உண்டாக்கியதாகச் சொல்லவுமில்லை. மேலும், அமினோ அமிலங்கள் அவ்வளவு அரிய சரக்கும் அல்ல. 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அவை இருந்தன. பென்னு என்ற குறுங்கோளிலிருந்து 2023இல் கொண்டுவரப்பட்ட மண்ணில், உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 இருப்பதாக 2025இல் அறிவிக்கப்பட்டது.

சிக்கல் சரக்கில் இல்லை. ஓர் அமினோ அமிலம் இன்னொன்றுடன் கோத்துக்கொள்ளும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். சுற்றிலும் நீரே நிறைந்த கடலில், அவ்வினை கோப்பதைவிடப் பிரிப்பதையே நாடும். தானே கிடக்கும் குழம்பு எத்தனை கோடி ஆண்டு கிடந்தாலும் குழம்புதான். உயிர் ஒரு பொருள் அல்ல, ஓர் ஓட்டம். ஆற்றுச் சுழியைக் குடத்தில் மொண்டு வர முடியாது.

இங்கிருந்துதான் உண்மையான விவாதம் தொடங்குகிறது. ஒரு சாரார் குட்டைகளை நோக்குகின்றனர். வெதுவெதுப்பான சிறு குட்டை ஒன்றை டார்வின் 1871இல் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்திலேயே கற்பனை செய்திருந்தார். எரிமலைப் பகுதிக் குட்டைகள் காய்ந்தும் நனைந்தும் மாறிமாறி வரும்போது, காய்கிற வேளையில் மூலக்கூறுகள் கோத்துக்கொள்ளும் என்பது டேவிட் டீமர் போன்றோரின் வாதம். மறுசாரார் கடலடி ஊற்றுகளை நோக்குகின்றனர். காரத்தன்மை கொண்ட ஊற்றுகள் இருக்கும் என மைக்கேல் ரஸ்ஸல் முன்பே கணித்திருந்தார். 2000இல் அட்லாண்டிக் கடலடியில் ‘லாஸ்ட் சிட்டி’ கண்டறியப்பட்டது. கார ஊற்றுநீரும் சற்றே அமிலமான ஆதிக்கடலும் மெல்லிய கனிமச் சுவரின் இருபுறமும் நிற்கையில், புரோட்டான்களின் அளவில் ஏற்றத்தாழ்வு உருவாகும். இன்றும் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களும் அத்தகைய ஏற்றத்தாழ்வைக் கொண்டே ஆற்றல் பெறுகின்றன. கடலடி எப்படிக் காயும் என்று குட்டைக்காரர்கள் கேட்கிறார்கள். குட்டைக்கு ஓயாத ஆற்றல் எங்கிருந்து வரும் என்று ஊற்றுக்காரர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

முடியாத வழக்கு என்றதும் இன்னொரு கூட்டம் உற்சாகமாகக் கிளம்பிவிடுகிறது: “பார்த்தீர்களா, விஞ்ஞானத்துக்கே தெரியவில்லை!” தெரியாத இடத்தில் ஒரு சக்தியைக் குடியமர்த்துவது பழைய வழக்கம். உயிர்ப்பொருள்களை உண்டாக்க உயிர்ச்சக்தி வேண்டும் என்று நம்பப்பட்ட காலத்தில்தான், 1828இல், வோலர் யூரியாவை ஆய்வகத்தில் தயாரித்தார். பழைய இரும்புக் கிடங்கில் வீசிய சூறாவளி ஒரு விமானத்தைக் கோத்துவிடுமா என்ற ஃபிரெட் ஹாய்லின் உவமையை இவர்கள் இன்றும் சுமந்து திரிகிறார்கள். ஒரே தாவலில் உயிரணு பிறந்தது என்று ஆய்வாளர் எவரும் சொல்லவில்லை. வேதிவினை வெறும் தாயக்கட்டையும் அல்ல. எந்த அணு எதனுடன் சேரும் என்பதற்கு விதிகள் உண்டு.

எல்லாம் தெரிந்துவிட்டது என்பவரும் எதுவும் தெரியாது என்பவரும் நம் பார்வையில் உடன்பிறப்புகளே. இருவருக்கும் காத்திருக்கப் பொறுமையில்லை.

குழம்பு என்ற உவமையை 1929இல் நமக்குத் தந்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1957இல் இந்தியாவுக்குக் குடிவந்து, 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்தவர். தம் முடிவுகள் ஊகமே என்று அக்கட்டுரையிலேயே எழுதிவைத்தார். குழம்பை எடுத்துக்கொண்ட நாம் அந்த வரியை விட்டுவிட்டோம். ‘இருக்கலாம்’ என்ற சொல் தமிழில் இருக்கிறது. இனி இதைப் பற்றி எழுதுவோர் அதைத் துணிந்து பயன்படுத்த வேண்டும் என்பதே நம் கோரிக்கை.